கிறீம் பூசாத கை

“ஒங்கட கை பஞ்சுக் கை மிஸ். ஊசி குத்துறதே வெளங்கல்ல,” என்றார் ஹாஜியார்.

சாய்கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அவருடைய வலக்கை என் முன்னால் ஒரு சிறிய தலையணையின்மேல் இருந்தது. பெருவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், ஒரு பிஸ்கட் அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. அதன்மேல் நான் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எழுதுகிற பேனா அல்ல. இதன் நுனியில் மயிரிழை போன்ற ஊசிகள் இருக்கும். பொத்தானை அழுத்தினால் அவை மேலும் கீழும் துடித்துத் தோலைப் பொடிப்பொடியாகக் குத்தும். குத்திய இடத்தில் புதுத்தோல் சீராக வளரும், பழைய தழும்பு மங்கும் என்பது எங்கள் தொழிலின் கணக்கு.

ஹாஜியார் மகளின் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். எத்தனை சஹன் தட்டு வைப்பது, ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேரை உட்காரவைப்பதா ஐந்து பேரா, இனிப்புக்கு வட்டிலப்பம் யாருடைய பொறுப்பு. பேச்சு ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

பதினொரு வருடம் வார்டில் ஊசி போட்டவள் நான். “மிஸ்ஸி, கொஞ்சம் மெதுவா” என்று கெஞ்சியவர்கள் உண்டு, ஊரைக் கூட்டியவர்களும் உண்டு. பஞ்சு என்று ஒருவரும் சொன்னதில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. இந்த வேலைக்கு வந்த மூன்று மாதத்தில் முதன்முதலாக, பரவாயில்லை, கை பழகிவிட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பூரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வருத்தம் இல்லாதவர்கள்

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை வார்டில் தாதியாக இருந்தேன். முதுகுவலியும் இரவு டியூட்டியும் போதும் போதும் என்றான பிறகு, நகரத்தில் புதிதாகத் திறந்த ஓர் அழகுசிகிச்சை கிளினிக்கில் சேர்ந்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

முதல் நாளே குழப்பம் தொடங்கிவிட்டது. வார்டில் உதட்டுச்சாயம் போட்டால் மேட்ரன் திட்டுவார். இங்கே போடாமல் போனதற்கு மனேஜர் ஷிரோமி முகத்தைச் சுளித்து, தன் கைப்பையிலிருந்தே ஒன்றை எடுத்து நீட்டினாள். ‘நோயாளி’ என்று சொல்லக் கூடாது, ‘க்ளையன்ட்’ என்று சொல்ல வேண்டும். “என்ன செய்யுது?” என்று கேட்கக் கூடாது. “எதை மாத்திப் பார்க்க விரும்புறீங்க?” என்று கேட்க வேண்டும்.

பதினொரு வருடப் பழக்கம் ஒரு வாரத்தில் போய்விடுமா? இரண்டாவது வாரம், நன்றாக உடுத்திய ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். நான் பழைய ஞாபகத்தில், “சொல்லுங்க, உங்களுக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டுவிட்டேன். எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் கேட்ட பிறகுதான் வந்தது. நேரே ஷிரோமியிடம் போய்விட்டார்.

என் கோப்பில் முதலாவது எச்சரிக்கை அன்றைக்கு ஏறியது. மூன்று மாதத் தற்காலிக வேலை, அதற்குள் இரண்டாவது எச்சரிக்கை வந்தால் போய்விட வேண்டியதுதான் என்று ஷிரோமி சொன்னாள். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். அங்கே எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வார்கள்.

பயிற்சியோ அதைவிட வேடிக்கை. சுருக்கம் நீக்கும் ஊசியை எவ்வளவு ஆழம் இறக்குவது என்று கை பழகுவதற்கு ஆளுக்கு நாலு தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, தந்தார்கள். வெறும் உப்புத்தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, பழத்தின் தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஏற்ற வேண்டும். மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பழகினேன். என் கணவர் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். “இதுக்கு இப்ப எத்தனை வயசு கொறஞ்சிருக்கு?” என்று கேட்டார்.

தோட்டத்திலிருந்து அம்மா போன் எடுத்தாள். “வியாதி இல்லாதவங்களுக்கு எதுக்குடி ஊசி?”

“அழகா இருக்கிறதுக்கும்மா.”

“லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்க கேக்குறாங்க, ஒம் மகளுக்கு என்னா வேலன்னு. நான் என்னான்னு சொல்ல?”

“ஆஸ்பத்திரி வேலைன்னே சொல்லும்மா.”

“அது பொய்யில்லையா?” என்றாள். காய்ச்சல் என்று யாரும் வருவதில்லை. யாரும் சாகப்போவதும் இல்லை. அப்படியானால் நான் தாதியா, அலங்காரம் செய்கிறவளா? காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே இதை யோசிப்பேன். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதும் விடை கிடைத்திருக்காது.

வாப்பா பிடிக்கும் கை

ஹாஜியார் கம்பளையில் துணிக்கடை வைத்திருப்பவர். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊரையும் கடையையும் கொஞ்சம் மாற்றி எழுதச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.

ஐம்பதைத் தாண்டிய, தாடி நரைத்த மனிதர். எங்கள் இடத்துக்கு ஆண்கள் வருவதே குறைவு. வந்தாலும் வரவேற்பறையில் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். இவர் முதல் தடவை வந்தபோது தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். “மனிசிக்கும் செல்லல்ல மிஸ். கண்டிக்கிச் சாமான் எடுக்கப் போறேண்டு செல்லிட்டு வந்தேன்,” என்றார்.

காரணம் மூத்த மகளின் நிக்காஹ். முஸ்லிம் கல்யாணத்தில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலக்கையைத் தன் வலக்கையால் பிடித்துக்கொண்டுதான், மகளைத் தருகிறேன் என்ற வார்த்தையைச் சொல்வார். அந்த நேரம் படம் எடுப்பவர்கள் முகங்களை விட்டுவிட்டு அந்த இரண்டு கைகளுக்கும் கிட்டப் போய்விடுவார்களாம். அவருடைய மச்சான் வீட்டுக் கல்யாண அல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க அந்தக் கைகள்தானாம்.

“என்ட கைய அப்புடிப் பெருசாப் போட்டா, பாக்குறவங்க மருமகனையா பாப்பாங்க? இந்த வெள்ளையத்தான் பாப்பாங்க,” என்று கையை நீட்டினார். வந்ததுதான் வந்தோம் என்று, கன்னத்தில் இருந்த பழைய பருக்குழிகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கையில் வெளுப்பு எப்படி வந்தது என்று டொக்டர் கேட்டார். “சுடு தேத்தண்ணி கொட்டின எடமா ஈக்கும்,” என்றார் ஹாஜியார். எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். கைதேர்ந்தவர், ஆனால் அன்றைக்கு வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘பழைய சூட்டுத் தழும்பு’ என்று கோப்பில் எழுதினார். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

லுஹர் நேரம்

பேனாவை ஓட்டுவதற்கு முன்னால் தோலை மரத்துப்போகச் செய்ய ஒரு கிறீம் இருக்கிறது. அதைத் தடிப்பாகப் பூசி, மேலே மெல்லிய பொலித்தீனை ஒட்டி, முக்கால் மணித்தியாலம் விட வேண்டும். நான் ஹாஜியாரின் கன்னங்களுக்கும் கைக்கும் பூசி மூடினேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

ஹாஜியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “லுஹரத் தொழுதுட்டு வந்துடட்டா மிஸ்?”

“இப்பதானே கிறீம் பூசினேன் ஹாஜியார்.”

“ஒளு எடுக்க மொகத்தையும் கையையும் கழுவத்தானே வேணும். வந்து திருப்பிப் பூசுவோமே.”

தொழுகைக்குப் போகிறவரை எப்படி மறிப்பது? பொலித்தீனை உரித்துக் கொடுத்தேன். போய் வந்தார், தாடியில் இன்னும் ஈரம் இருந்தது. கன்னங்களுக்குத் திரும்பப் பூசினேன். கைக்குப் போகும்போது ஷிரோமி கதவைத் தட்டினாள். அடுத்த க்ளையன்ட் நேரமாகிறது என்று சத்தம் போடுகிறாராம். போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாம் பூசியாகிவிட்டது என்று என் மனம் தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டது. ஏற்கெனவே ஒருதரம் கைக்குப் பூசியது கண்ணுக்குள் இருந்ததுதான் வினை.

நேரம் முடிந்ததும் முகத்தைச் செய்தேன். கிறீம் இருந்தும் இரண்டு மூன்று இடத்தில் “சுள்ளெண்டுது மிஸ்,” என்று நெளிந்தார். ஊசி முனையை மாற்றினேன். அவசரத்தில் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு வெளுப்பின்மேல் பேனாவை வைத்தேன். அப்போதுதான் அவர் என் கையைப் பஞ்சு என்று புகழ்ந்தது.

புகழ்ச்சியில் மிதந்தபடி தட்டைப் பார்த்தேன். இரண்டாவது தடவை கைக்கென்று நான் அளவாக வெட்டிய பொலித்தீன் துண்டு தட்டிலேயே கிடந்தது. கிறீம் ஒட்டாமல், சுருக்கம் விழாமல், புதிதாக.

இரண்டாவது எச்சரிக்கை என்று நினைத்தேன். அடுத்து வந்த நினைப்பை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நல்லவேளை, மனுசனுக்கு நோகவில்லை, யாருக்கும் தெரியாது.

நோகவில்லை என்பதுதான் பிரச்சினை என்று புரிய இன்னும் ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த ஒரு நிமிடமும் என் கையின் மென்மைதான் காரணம் என்று மனதார நம்பினேன். புகழ்ச்சி ஆளை எவ்வளவு முட்டாளாக்கும் பாருங்கள்.

யோசனையில் என் கை கொஞ்சம் வழுக்கியது. பேனா வெளுப்பைத் தாண்டிப் பக்கத்து நல்ல தோலில் பட்டது.

“யா அல்லாஹ்!” ஹாஜியார் கையை இழுத்துக்கொண்டார். “இது எனத்த மிஸ்? இவ்வளவு நேரமும் நல்லாத்தானே ஈந்துச்சு!”

மன்னிப்புக் கேட்டேன். கையைத் திரும்பத் தலையணையில் வைத்து, மெதுவாக வெளுப்புக்குள் வந்தேன். அவர் வட்டிலப்பத்துக்குத் திரும்பினார். நூல் அளவு வெளியே போனேன். துடித்தார். உள்ளே வந்தேன். வட்டிலப்பம்.

இரண்டு தோலும் ஒரே கிறீமைக் கண்டவை, ஒரே தண்ணீரில் கழுவப்பட்டவை. தாதியர் பரீட்சையில் மனப்பாடம் செய்து எழுதிய ஒரு வரி எங்கிருந்தோ வந்தது. வெளுத்த திட்டு, அதில் தொடு உணர்ச்சி இல்லை. எந்த வியாதிக்கு அந்த வரியை எழுதினேன் என்பதும் கூடவே வந்தது.

தேள் கொட்டிய திருடி

“கொஞ்சம் இருங்க ஹாஜியார்,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடும் சின்ன அறைக்குள் போய் நின்றேன்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். டொக்டரிடம் என்னவென்று சொல்வது? கையில் உணர்ச்சி இல்லை என்று சொன்னால், கிறீம் பூசினால் எப்படி உணர்ச்சி இருக்கும் என்பார். பூசவில்லை என்று சொன்னால் என் வேலை போகும். அதோடு, நீங்கள் சூட்டுத் தழும்பு என்று எழுதியது பிழை என்று மூன்று மாதத் தாதி ஒருத்தி டொக்டருக்குச் சொல்வதாகவும் ஆகும்.

பேசாமல் விட்டால்? அவர் இன்னும் இரண்டு தடவை வருவார். வெளுப்பு மங்கலாம், மங்காமலும் போகலாம். கல்யாணம் நன்றாக நடக்கும். நரம்பு உள்ளே செத்துக்கொண்டே இருக்கும். சில வருடத்தில் விரல்கள் மடங்கும். அப்போது அவர் எந்தத் தாதியையும் நினைத்துக் குறைசொல்லப் போவதில்லை.

நான் நினைத்தது பிழையாகவும் இருக்கலாமே. அழகுக்கு வந்த மனிதரிடம் இல்லாத வியாதியைச் சொல்லிக் கல்யாண வீட்டைக் கலக்கினால்? எனக்கு ஒன்றும் தெளியவில்லை. ஒரு கோப்பைத் தண்ணீரைக் குடித்தேன். தெளிவு வந்தபிறகு போகலாம் என்று காத்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். குழப்பத்தோடேயே டொக்டரின் கதவைத் தட்டினேன்.

“என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்குது?” என்றார் டொக்டர்.

“ஹாஜியார் கைக்கு நான் கிறீம் பூச மறந்துட்டேன் டொக்டர்.”

“ஐயோ! சரியா நொந்திருக்குமே?”

“இல்லங்க. அதுதான்.”

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். கணினியில் ஹாஜியாருடைய கையின் படத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்தார்.

பஞ்சிலிருந்து ஒரு இழையைப் பிய்த்து முறுக்கிக்கொண்டு ஹாஜியாருக்கு முன்னால் உட்கார்ந்தார். “கண்ணை மூடுங்கோ. நான் தொடேக்க ‘ஓம்’ எண்டு சொல்லுங்கோ.”

இடக்கையில் தொட்டார். “ஓம்,” என்றார் ஹாஜியார். முழங்கையில். “ஓம்.” வலக்கை விரல் நுனியில். “ஓம்.” வெளுப்பின் நடுவில் தொட்டார். ஓரத்தில் தொட்டார். இழையால் கோடுபோல இழுத்தார். ஹாஜியார் கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

“இன்னம் தொடல்லயா டொக்டர்?” என்று கேட்டார்.

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, நன்றி இருந்ததா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

ஒரே ஒரு கேள்வி

டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. தொழுநோயாக இருக்கலாம், உறுதியில்லை, அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில்தான் சோதித்துச் சொல்வார்கள் என்றார். ஆரம்பத்தில் பிடித்தால் மாத்திரையிலேயே மாறிவிடும், மாத்திரை இலவசம், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

‘பயப்பட ஒன்றும் இல்லை’ என்பதை யாரும் கேட்பதில்லை. “குஷ்டமா?” என்றார் ஹாஜியார். தலையணையிலிருந்து கையை எடுத்து மடிக்குள் வைத்து, மற்றக் கையால் மூடிக்கொண்டார். இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தவர், அதன் பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்.

“மருமகன்ட கையப் புடிக்கேலுமா?”

“ஓம், தாராளமாப் பிடிக்கலாம். கை குடுக்கிறதால எல்லாம் இது தொத்தாது,” என்றார் டொக்டர்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். “மிஸ், நீங்க செல்லுங்க.”

“பிடிக்கலாம் ஹாஜியார்,” என்றேன். வாசல்வரை கூடவே போய் இன்னொரு தரமும் சொன்னேன். தலையை ஆட்டினார். வலக்கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு படி இறங்கினார்.

அன்று பின்னேரம் டொக்டர் என்னைக் கூப்பிட்டு என் கோப்பைக் காட்டினார். கிறீம் பூசாததற்கு எழுத்தில் எச்சரிக்கை. அதற்குக் கீழேயே, திட்டைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு. “ஷிரோமியோட கதைச்சிட்டன். வேலை போகாது. இன்னும் மூண்டு மாதம் தற்காலிகம்,” என்றார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, “நான்தான் முதல்லயே பாத்திருக்க வேணும்,” என்றார்.

நான் சந்தோஷப்பட வேண்டுமா, அழவேண்டுமா? வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “அப்ப, நீ செஞ்சது சரியா பிழையா?” என்றார். கிறீமைப் பூசியிருந்தால், நான் நல்ல தாதி, ஹாஜியாரின் வியாதி யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்கு விடை வரவில்லை.

தோல் கிளினிக்கில் சோதித்தார்கள். அதேதான். மாதத்துக்கு ஓர் அட்டை மாத்திரை, ஆறு மாதம். அங்கேயும் அவர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அங்கேயும் பிடிக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் கிளினிக்குக்கு எனக்குப் போன் வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்லா முடிஞ்சிது மிஸ். சஹன் பத்தாமப் போகல்ல.”

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “கை குடுத்தீங்களா ஹாஜியார்?”

“என்ட பொறுப்ப தம்பிக்கிக் குடுத்துட்டேன். அவன்தான் புடிச்ச. மார்க்கத்துல அதுக்கு எடம் ஈக்கி.”

“பிடிக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்களே?”

“சென்னது சரிதான் மிஸ். எனக்கி வெளங்குது. ஆனா மருமகன் கைய நீட்டுனா, எனக்கி என்ட கைய நீட்டேலாமப் பெய்த்திடுமோண்டு பயம். அவர் சின்னப் பொடியன். நாளைக்கித் தெரியவந்தா என்ன நினைப்பார்? மகள் கேட்டா, ஏன் வாப்பா நீங்க புடிக்கல்லண்டு. கை நடுங்குதுண்டு செல்லிட்டேன்.”

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் பிடித்திருப்பார். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மன்னிச்சிருங்க ஹாஜியார் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு மன்னிப்பு என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டேன்.

“மிஸ், ஈக்கிறீங்களா?”

“இருக்கேன் ஹாஜியார்.”

“எளய மகளுக்கு நான்தான் புடிப்பேன். இன்ஷா அல்லாஹ். இப்பவே தம்பிக்கிட்டச் செல்லிட்டேன்.”

“அவங்களுக்கு எப்ப கல்யாணம்?”

“அவளா? அவளுக்கு இப்பதான் பதினொரு வயசு,” என்றார் ஹாஜியார்.

ஒரு நாளும் மாத்திரையை விட்டுவிட வேண்டாம் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் தனக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.